ஐந்து மணிக்கு மேல் கூப்பிட்டவன்

மார்ச் 4, புதன்

மத்தியானம் வரை மழை. பிறகு மூடுபனி. எஸ்டேட்டில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். அதனால் அப்பாவின் பழைய காரை (எங்கள் பேச்சில் கெரேத்தா) மேட்டு வளைவில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அதற்குள் உட்கார்ந்துதான் என் ஷிஃப்ட். சுற்றிலும் தேயிலை. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி முழுக்க என் மூச்சு.

எடுத்துப்போனவை: பவர்பேங்க், ஸ்வெட்டர், அவித்த மரவள்ளி.

பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவு ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடும். சனி, ஞாயிறு திறப்பதே இல்லை. மற்ற நேரத்து அழைப்பெல்லாம் எங்கள் தலையில், அதாவது சைக்காலஜி கடைசி வருட மாணவர் தலையில். செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாலும் லைன் நம் போனுக்கு வந்துவிடும். சம்பளம் இல்லை. சான்றிதழ் உண்டு. விடுதிக் கழிப்பறைக் கதவுகளில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள், நீங்கள் தனியாக இல்லை என்று. பட்டமளிப்பு மண்டபத்துக்குப் புதுக் கம்பளம் போட முடிகிறது. ராத்திரிக்கு ஓர் ஆலோசகரைப் போட முடியவில்லை.

விதிகள் (மறுபடி எழுதிப் பார்க்கிறேன்):
- உன் பெயரைச் சொல்லாதே.
- அவர் பெயரைக் கேட்காதே.
- தெரிந்தவர் என்றால் வேறொருவருக்கு மாற்று.
- நேரில் சந்திக்காதே.
- உயிருக்கு ஆபத்து என்றால் மி.ல.வுக்குச் சொல்.

மி.ல. என்றால் மிஸ் லதா, எங்கள் ஒருங்கிணைப்பாளர். அவர் கேம்பஸ் செக்யூரிட்டிக்குச் சொல்வார். அவர்கள் போய் விடுதி அறைக் கதவைத் தட்டுவார்கள். விடுமுறையில் எந்தக் கதவைத் தட்டுவார்கள் மிஸ் என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார்.

இன்று: விடுதி வைஃபை வேலை செய்யவில்லை என்று ஒருவன். ஒன்றும் பேசாமல் அழுதுவிட்டு வைத்த ஒருத்தி. அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

மார்ச் 5, வியாழன்



ஒரு பையன். மலாயில் தொடங்கினான். என் மலாயில் என்ன கேட்டதோ, தமிழுக்கு மாறிவிட்டான்.

"நீங்க தமிழா? அக்கான்னு கூப்பிடலாமா?"

கூப்பிடு என்றேன். ரொம்ப நேரம் வேறு கதை. பிறகு கொட்டினான். போன வருடமே அவனைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு செமஸ்டர் பெயில். வீட்டுக்குத் தெரியாது. ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவுகிறான். வீட்டுக்கு வரும்போது பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்னால் பழைய மாணவர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வானாம்.

"அப்புறம் ஏன் இந்த நம்பருக்குக் கூப்பிட்டே?"

"போன்ல இருந்துச்சுக்கா. கழிப்பறைக் கதவுல இருந்து எடுத்தது."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு முடிந்ததும்தான் சொன்னான்.

"ஞாயித்துக்கெழம எனக்கு மாலை போடப் போறாங்க. எஸ்டேட்டுல யூனிவர்சிட்டி போனவன்னு. சின்னப் புள்ளைங்களுக்கு நான் பேசணுமாம், எப்படிப் படிக்கணும்னு. என்னால முடியாதுக்கா. அதுக்கு முன்னாடி இல்லாமப் போயிட்டா நல்லாருக்கும்."

நேராகக் கேட்க வேண்டும் என்பது பயிற்சி. கேட்டேன். "உயிர விட்டுரலாம்னு நெனைக்கிறியா?"

"என்னக்கா, இப்படி நேராவா கேப்பீங்க?"

"ஆமா. சொல்லு."

"நெனைக்கிறேன்."

கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அம்மா, பக்கத்து அறையில். அவரிடம் சொல்லலாமா என்றேன். செத்தாலும் முடியாது என்றான். சொல்லிவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான். கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்தான்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

இது வாக்குறுதியா, தவணையா? மி.ல.வுக்குச் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். தெரியாது மிஸ்.

வீட்டுக்கு வந்தால் அம்மா தானா ராத்தா டவுன் ஹோட்டல் லாண்டரியிலிருந்து வந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்தபடியே சொன்னார்:

"ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூச முடிஞ்சு கோயில் ஹாலுக்குப் போவணும். நாம வேதக்காரங்கன்னாலும் கூப்பிட்டுருக்காங்க லா, போவாம இருக்க முடியாது. சாந்தி மவனுக்கு மாலை போடுறாங்களாம்."

சாந்தி ஆண்ட்டி. கீழ் லயம். தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங். புருஷன் இல்லை. ஒரே மகன் யுவராஜ்.

ஜெபத்தில் உட்கார்ந்தேன். அவன் பெயரை மட்டும் சொன்னேன்.

மார்ச் 6, வெள்ளி

தூங்கவில்லை. ஒவ்வொரு நாய்க் குரைப்புக்கும் எழுந்து கீழ் லயத்து விளக்கைப் பார்த்தேன்.

காலையில் மி.ல.விடம் பெயரைச் சொன்னேன். ஆபத்து என்றால் சொல்லலாம், விதி அனுமதிக்கிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஜெசி, சிஸ்டத்துல அவரு இல்ல. போன வருஷமே எடுத்துட்டாங்க."

"அதான் மிஸ் நானும் சொன்னேன்."

"நம்ம சர்வீஸ் ஸ்டூடண்ட்ஸுக்குத்தான். வெளி ஹாட்லைன் நம்பர் குடுத்துரு. அப்புறம் நீ தெரிஞ்சவ. இந்தக் கேஸ ஹேண்ட் ஓவர் பண்ணணும்."

"யாருக்கு மிஸ்? ஸ்டூடண்ட் இல்லாதவன யாரு எடுப்பா?"

போனில் அவருக்குப் பின்னால் குழந்தை அழும் சத்தம், குக்கர் விசில். அவரும் வீட்டிலிருந்துதான் இதைப் பார்க்கிறார். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. அதுவே தனிக் கோபம்.

நிறுத்தினார்களே, அன்றைக்கு யாராவது ஒரு ஆள் அவனை உட்காரவைத்துப் பேசினார்களா? அறைச் சாவியைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். அது மட்டும் நிச்சயம்.

மத்தியானம் கடைக்குப் போகும்போது கீழ் லயத்துப் படியில் அவனே எதிரே வந்தான். கையில் நீல நிறத்தில் ஒரு பனியன், காயப்போட. நல்ல சிரிப்பு.

"என்னக்கா, செமஸ்டர் பிரேக்கா? எப்ப வந்தீங்க?"

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டேன்.

சாயங்காலம் அம்மா: "சாந்திகிட்ட எல்லாரும் கேக்குறாங்களாம், லோரி டிரைவர் அருள் மவளுக்கு அவ்ளோ தலக்கனமான்னு. அந்தப் பையன் கூப்பிட்டுப் பேசியும் நீ வாயத் தொறக்கலயாம்."

இந்த லயத்தில் தும்மினால் பேக்கிங் ரூமில் ஆயுசு நூறு என்பார்கள். ஒரு பையன் வருடம் முழுக்கச் செத்துக்கொண்டிருந்தது மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.

லைன் இன்று அடிக்கவில்லை. அவன் கூப்பிடாதது நல்லதா கெட்டதா?

மார்ச் 7, சனி

நான் ஒரு முட்டாள். எழுதி வைக்கிறேன்.

யோசித்தது இவ்வளவுதான். அவன் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுவாக வைத்திருக்கிறான். மாலை இல்லை, பேச்சு இல்லை என்றால் ஞாயிறு வெறும் ஞாயிறு. ஒரு நாள் கிடைக்கும். ஒரு நாளில் அவன் அம்மாவிடம் பேச வைக்கலாம்.

காலையில் கோயில் செக்ரட்டரி மணியம் அங்கிள் வீட்டுக்குப் போனேன். பழைய கங்காணி மகன். இப்போது எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்கள் எல்லாம் வங்காளதேசத்து ஆட்கள், நேப்பாளிகள். நம் ஆட்கள் மிச்சம் இருப்பது ஃபேக்டரியிலும் லோரியிலும் கோயில் கமிட்டியிலும்தான். அதனாலேயோ என்னவோ ஒரு பையன் யூனிவர்சிட்டி போனால் வளைவில் பேனர் கட்டிவிடுகிறார்கள். பெண்பிள்ளை போனால் பேனர் கிடையாது. வெயிலில் யுவராஜ் முகம் வெளுத்தே போய்விட்டது. கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

"அங்கிள், நாளைக்கி யுவராஜ விட்டுருங்களேன்."

"ஏன்? பிரிஞ்சாங் டவுன்ல மாலைக்கிச் சொல்லியாச்சு. ரோசாப்பூ மால."

"அவனுக்கு ஒடம்பு சரியில்ல."

"என்னவாம்?"

"காய்ச்சல்."

வாயில் வந்தது அதுதான். இந்த லயத்தில் பிறந்தவள் நான். இங்கே ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?

மத்தியானத்துக்குள் சாந்தி ஆண்ட்டி வீட்டு வாசல் முழுக்கச் செருப்பு. ஆரஞ்சு, பிஸ்கட் டின், மிளகு ரசம், யாரோ கோயில் திருநீறு. எங்கள் அம்மாவே தூக்குவாளியில் கஞ்சியோடு போனார். நான் தடுக்கத் தடுக்க. திரும்பி வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"தொட்டுப் பாத்தேன், சூடே இல்ல. மணியத்துப் பொண்டாட்டி உள்காய்ச்சல்ங்குறா. சாந்தி எனக்கே தெரியாம என் புள்ளைக்கு எப்படிக் காய்ச்சல்னு முழிக்கிறா. அந்தப் பையன் செவுத்தோட ஒட்டி உக்காந்துருக்கான். எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க, படிப்பு எப்பய்யா முடியுது, எப்ப வேலைன்னு."

ஐந்து மணிக்கு மேல் லைன் அடித்தது. கெரேத்தாவுக்குள் எடுத்தேன். அவன்தான். குளியலறையில் இருந்து, கிசுகிசுப்பாக. பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம்.

"அக்கா, யாரோ எனக்குக் காய்ச்சல்னு கெளப்பி விட்டுட்டாங்க. வீடு நெறைய ஆளு. மூச்சு விட எடமில்ல."

"வெளியில போய்க் கொஞ்சம் காத்தாட நட."

"எங்க நடக்க? எல்லா எடத்துலயும் என் மூஞ்சி தொங்குது."

நான்தான் கிளப்பினேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வெளி ஹாட்லைன் நம்பரைக் கொடுத்தேன். சரி என்றான், மரியாதைக்கு. மறுபடி நேராகக் கேட்டேன். யாரோ கதவைத் தட்டினார்கள். "தம்பி, கஞ்சி ஆறுது." போனை வைத்துவிட்டான்.

இன்றைக்கே அவன் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். போனேன். வாசல் வரை. உள்ளே அத்தனை பேர். அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? காலையில் முதல் வேலை.

கடவுளே, காலை வரட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

தானா ராத்தா மருத்துவமனை, வராந்தா நாற்காலி. முஸ்லிம் தாதி ஒருவர் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் வைத்திருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். சாப்பிட முடியவில்லை, கையிலேயே இருக்கிறது. நடந்ததை வரிசையாக எழுத முயற்சி.

விடிந்ததும் கீழ் லயத்துக்கு ஓடினேன். சாந்தி ஆண்ட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். "யுவா இல்லம்மா. போனும் எடுக்கல. காய்ச்சலோட எங்க போனான்?"

வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை. உயிர் விஷயம் மட்டும். "ஆண்ட்டி, அவன் மனசு ஒடைஞ்சு போயிருக்கான். சாகணும்னு என்கிட்டச் சொன்னான். இப்பவே தேடணும்." அவர் முதலில் செய்தது, அவனுடைய சட்டைகளை எண்ணுவது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் வெளியே ஓடினார்.

அப்பா ஃபேக்டரிப் பக்கம். ஆண்ட்டி கீழ் ரோடு. நான் மேட்டுப் பக்கம். போலீசுக்கு அம்மா கூப்பிட்டார். பனி. தேயிலை வரிசைகளுக்குள் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கருப்பாக எது தெரிந்தாலும் நின்றேன். ஒரு கோணிப்பை. ஒரு மரக்கட்டை. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் போய்ப் பார்க்கிற அந்த நாலு எட்டு. அதை இனிமேல் மறக்கப்போவதில்லை.

அப்போதுதான் கோயில் மைக்.

"எஸ்டேட்டின் செல்லப்பிள்ளை, பல்கலைக்கழக மாணவர் யுவராஜ், எங்கிருந்தாலும் மேடைக்கு வரும்படி அன்புடன் அழைக்கிறோம்."

மணியம் அங்கிளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், பையனைக் காணோம் என்று. அவர் கையில் இருந்தது மைக். அதில் கூப்பிட்டார். திரும்பத் திரும்ப. மலை முழுக்க அவன் பெயர்.

நிறுத்தச் சொல்லி ஹாலை நோக்கி ஓடும்போது பையில் லைன் அடித்தது.

"அக்கா. மைக்ல என்னக் கூப்பிடுறாங்க."

போனுக்குள்ளும் அதே மைக். அரை நொடி பிந்தி. இந்தப் பக்கம்தான் இருக்கிறான்.

விதியெல்லாம் போகட்டும். "யுவா, நான் ஜெசி. அருள் மவ ஜெசி."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"வெள்ளிக்கெழம படியில வாயத் தொறக்காமப் போனீங்கள்ல. நீங்க அப்படிப் போற ஆளு இல்லையே. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா நேத்து கூப்பிட்ட?"

"வேற யாரு எடுப்பாங்க?"

எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். சொல்லவில்லை. வைத்துவிடாதே, நான் நடந்துகொண்டே இருக்கிறேன், நீ பேசிக்கொண்டே இரு என்றேன். என்ன பேச என்றான். காய்ச்சலைக் கிளப்பியது நான்தான்டா என்றேன். பிறகு, "ஏங்க்கா, வேற வியாதியே கெடைக்கலயா? கண்ணு வலின்னு சொல்லியிருந்தா ஒருத்தரும் கிட்ட வந்திருக்க மாட்டாங்களே." சிரித்தானா அழுதானா தெரியவில்லை. அப்புறம்தான் சொன்னான்: பழைய நாற்றங்கால் கொட்டகை.

கூரையில்லாத கொட்டகை. மாலை போடுவதற்கென்று அவன் அம்மா இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முதலில் அவன் கைகளைத்தான் பார்த்தேன். போன் மட்டும். பக்கத்தில் உட்கார்ந்தேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வாக்கியங்களில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. மைக் ஒருவழியாக நின்றது. நின்ற பிறகுதான் அவன் நடுங்க ஆரம்பித்தான்.

கெரேத்தாவில் நான் ஓட்ட, பின் சீட்டில் அவன், அவன் அம்மா, முன்னால் எங்கள் அம்மா.

மருத்துவமனையில் அவனே வாய் திறந்து சொன்னான், படிப்பு போன கதையை. சாந்தி ஆண்ட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி:

"யார் யாருக்குத் தெரியும்?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். அந்த நிமிடம் அவரை அறைந்திருப்பேன். ஆனால் அந்தக் கேள்வி அவருடையது மட்டுமா? பேனர் கட்டியவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து அந்த வாய்க்குள் வைத்த கேள்வி. கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து போய், தன் ஸ்வெட்டரைக் கழற்றி, அவன் கைகளை ஒவ்வொன்றாக அதற்குள் நுழைத்தார். சின்னப் பிள்ளைக்குப் போடுவது போல.

அம்மா என்னிடம், மெதுவாக: "தினமும் கெரேத்தாவுக்குள்ள உக்காந்து இதத்தான் பேசுனியா?"

"ஆமாம்மா."

"நான் பாய்ஃபிரண்டுன்னு நெனச்சு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனேன்."

இன்று ராத்திரி அவனை வார்டில் வைத்துக்கொள்கிறார்கள். பேரீச்சம்பழத்தை இப்போது சாப்பிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

வெயில். கோபம் வருகிற மாதிரி நல்ல வெயில்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் இளவயது, பொறுமையான பெண். சொன்னவை: தனியாக விடாதீர்கள். மருந்தை அம்மாதான் வைத்திருக்க வேண்டும், எண்ணிக் கொடுக்க வேண்டும். ஆபத்தான எதையும் கைக்கு எட்ட வைக்காதீர்கள். மனநல மருத்துவரைப் பார்க்க ஈப்போ போக வேண்டும். தேதி கொடுத்திருக்கிறார்கள், அடுத்த மாதம். அதுவரை ஏதாவது என்றால் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

அடுத்த மாதம் வரை எத்தனை சாயங்காலம். எண்ணவில்லை.

மணியம் அங்கிள் கீழ் லயம் வரை வந்து உள்ளே போகாமல் நின்றார். மாலையைச் சாமிக்கே போட்டுவிட்டார்களாம். "மைக்ல கூப்பிட்டுருக்கக் கூடாதும்மா." காய்ச்சல் என்று நானும் சொல்லியிருக்கக் கூடாது அங்கிள் என்றேன். பேனரைக் கழற்றச் சொன்னேன். யோசித்தார். இன்றைக்கே ஆள் அனுப்புகிறேன் என்றார்.

மி.ல. கூப்பிட்டார். பெயரைச் சொன்னது, நேரில் போனது, இரண்டும் விதிமீறல். என்னை ரோஸ்டரிலிருந்து எடுத்திருக்கிறார்கள். "பனிஷ்மெண்ட் இல்ல ஜெசி, ரெஸ்ட்." அந்தப் பையன் கேஸ் மூடப்பட்டது, காரணம்: மாணவர் அல்ல. ஐந்து நிமிடம் கழித்து வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்தே இன்னொரு நம்பர். "என் சொந்த நம்பர், எந்த நேரமும் கூப்பிடு, ஆபீசுக்குத் தெரிய வேண்டாம்." அவரும் என்னதான் செய்வார்? இந்த நாட்டில் உதவி எல்லாம் ஆபீசுக்குத் தெரியாமல்தான் நடக்கிறது.

ஐந்து மணிக்கு லைன் ஆப்பை அழித்தேன். போன் கனம் குறைந்த மாதிரி இருந்தது. அந்த நிம்மதிக்காக வெட்கமாகவும் இருந்தது.

விளக்கு வைத்த பிறகு என் சொந்த நம்பருக்கு அழைப்பு. திரையில் யுவா பெயர், நேற்று மருத்துவமனையில் நம்பர் மாற்றிக்கொண்டோம். எடுப்பதற்குள் மனதில் என்னவெல்லாமோ பார்த்துவிட்டேன்.

அவன் இல்லை. சாந்தி ஆண்ட்டி. பின்னால் டிவி சத்தம், சின்னதாக.

"ஜெசி, ஒண்ணுமில்லம்மா. சாப்டான். மருந்து குடுத்துட்டேன். இப்பத்தான் கண்ண மூடுனான்."

"நல்லது ஆண்ட்டி."

"இல்ல, ஒண்ணு கேக்கணும். நேத்தும் நான் தூங்கல. நாளைக்கி வேலைக்கி வேற போவணும். அவன் தூங்குனா நானும் தூங்கலாமாம்மா?"

டாக்டர் இதைச் சொல்லவில்லை. எங்கள் பயிற்சியிலும் இல்லை.

"நீங்க தூங்குங்க ஆண்ட்டி. நான் வந்து உக்காந்துக்குறேன்."

போர்வை, டார்ச், பவர்பேங்க். அம்மா கூடவே வருகிறேன் என்று செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவருடைய நடை மெது. நான் முன்னால் போகிறேன்.